சம்பந்திக்கு ஒரு முழம்

என் அப்பா நூறுக்குள் வந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு பல் மருத்துவர் மூலமாகத்தான் வந்தது. எனக்குக் கடைவாய்ப் பல் வலி. வாயில் பஞ்சோடு நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். விளக்கை என் மூக்குக்கு நேராக இழுத்துக்கொண்டே மருத்துவர் சொன்னார்: "உங்கப்பா தொண்ணூத்தேழாமே! நேத்து வந்து சொல்லிட்டுப் போனார்." அப்பா அவருக்குப் பல்செட் கொடுக்கப் போனவர். செட்டை மேஜையில் வைத்த கையோடு கிளம்பியிருக்கலாம். அரை மணி நேரம் கோல்ஃப் பேசியிருக்கிறார். வெளியே மூன்று நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்களாம்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மொத்தம் பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழிக்கும் பந்தைத் தூரத்திலிருந்து அடித்து அடித்துக் கொண்டுபோய், கடைசியில் மெல்ல உருட்டி உள்ளே விழவைக்க வேண்டும். பதினெட்டுக்கும் சேர்த்து யார் குறைவாக அடிக்கிறாரோ அவர் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற சாதாரண மனிதர்கள் நூறைத் தொடாமல் முடித்துவிட்டால் அன்றைக்குத் தரையில் நடக்க மாட்டார்கள். இந்தக் குறைவு, நிறைவு விஷயம் என் அம்மாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "காலங்காத்தால எழுந்து போறது கம்மியா அடிக்கிறதுக்கா? வீட்டுலயே படுத்திருந்தா ஒண்ணுகூட அடிக்க வேண்டாமே!" என்பாள்.

அப்பாவின் தொழில் பல்செட் செய்வது. எழுதுபொருள் கடைக்கு மாடியில் ஒரே ஒரு அறை. சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். ஒவ்வொரு தாடையிலும் பென்சிலால் யாருடையது என்ற குறிப்பு. புதிதாக வருகிறவர்கள் உள்ளே கால் வைத்ததும் தங்கள் வாயைத் தாங்களே மூடிக்கொள்வார்கள். வட்டாரத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'பல்செட்டு'. என்னை 'பல்செட்டு மகள்' என்று கூப்பிட்ட பையன்களை எல்லாம் நான் இன்னும் மறக்கவில்லை.

வேலையில் அப்பா ராட்சசர். மயிரிழை பிசகினாலும் உடைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு பெரியவர் புது செட்டை மாட்டிக்கொண்டு, "பரவாயில்லப்பா, கொஞ்சம்தானே ஆடுது" என்றார். அப்பா அவர் வாயிலிருந்தே அதைக் கழற்றி எடுத்துவிட்டார். "ஆடுறதுக்குப் பேரு பல்லு இல்ல சார், ஊஞ்சல்" என்று சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார். பெரியவர் ஒரு வாரம் கஞ்சி குடித்தார். 'பரவாயில்லை' என்ற சொல் அந்த அறைக்குள் நுழையவே முடியாது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

அப்பாவைக் கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துப் போனவர் என் மாமனார். நான் மாமா என்று கூப்பிடுவேன். முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றவர். எந்த விருந்தாளிக்கும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்பது அங்கே சட்டம். ஓய்வு பெற்றும் சட்டம் அவரை விடவில்லை. குழாய் ரிப்பேர்காரர் நாளைக்கு வருகிறேன் என்று ஆறாவது முறையாகச் சொன்னபோதும், "கண்டிப்பா, உங்க சௌகரியம்" என்று போனிலேயே தலை குனிந்தவர் அவர். என் மாமியார் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். "மாமியார் இல்லாத வீடு, கொடுத்து வச்சவ" என்று தோழிகள் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்கிற மாமனாரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரியும். காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன் ஒரு நாள். முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு, "நல்லாயிருந்ததும்மா" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு சம்பந்திகள் இருவரும் மூன்று முறை சந்தித்தார்கள். மூன்று முறையும் மழையைப் பற்றியே பேசினார்கள். கல்யாணம் முடிந்து நாலைந்து மாதத்தில் மழையும் தீர்ந்துபோயிற்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் மாமா, "நான் ஞாயித்துக்கிழமைல கோல்ஃப் ஆடப் போவேன் சம்பந்தி. நீங்களும் வரலாமே?" என்றார். ஹோட்டலில் யாரோ விட்டுப்போய்த் திரும்பிக் கேட்காத மட்டைப் பை ஒன்று அவரிடம் இருந்தது. மாமியார் போன பிறகு வீட்டில் ஞாயிறு முழுவதையும் தள்ள முடியாமல், அதைத் தூக்கிக்கொண்டு நகராட்சி மைதானத்துக்குப் போய்ப் பழகியிருந்தார். அவர் மரியாதைக்குக் கூப்பிட்டார். "அதுக்கென்ன சம்பந்தி, வர்றேனே" என்று அப்பாவும் மரியாதைக்குச் சொன்னார். இருவருக்கும் அதில் இஷ்டமில்லை என்பது காப்பி கொண்டுவந்த எனக்கே தெரிந்தது.

முதல் நாள் அப்பா அடித்தது நூற்று ஐம்பத்தொன்று. பதினொரு பந்துகள் காணாமல் போயின. "தரை சரியில்ல, ஒரே மேடும் பள்ளமும்" என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அம்மா சமையலறையிலிருந்தே பதில் கொடுத்தாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவரே மாமாவுக்கு முன்னால் போய் நின்றார்.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. மொட்டை மாடியில் துடைப்பத்தை வைத்து வீசிப் பழகினார். படிக்கட்டு விளக்கு இரண்டு முறை உடைந்தது. மட்டையை ஒரே மாதிரிப் பிடிக்க வரவில்லை என்று, பல் அச்சு எடுக்கும் பசையைக் கைப்பிடியில் அப்பி, தன் பத்து விரல்களையும் பதித்து, அதையே அச்சாக வைத்து ஒரு பிடி வார்த்தார். வார்த்தது பல்செட் செய்யும் அதே பொருளில். ஈறு நிறத்தில், விரல் பதிந்த பள்ளங்களோடு அந்த மட்டை மூலையில் சாய்ந்திருப்பதைப் பார்த்தால், அது எப்போது சிரிக்கப்போகிறதோ என்று பயமாக இருக்கும். ஆட்டத்தில் அந்த மாதிரிப் பிடி கூடாது என்று யாரோ சொன்ன பிறகு, அதை வீட்டுப் பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பா மாறித்தான் போனார். முப்பது வருஷமாகக் குனிந்தே வேலை செய்து, முதுகு ஒரு கேள்விக்குறியாக ஆகியிருந்த மனிதர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். பேன்ட்டின் மடிப்பில் புல்லும் முகத்தில் வெயிலுமாக வீட்டுக்கு வருவார். "நாலாவது குழிகிட்ட ஒரு அடி அடிச்சேன் பாரு, பந்து வானத்துலயே கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சது" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையை உயர்த்திக் காட்டுவார். நீள அடி உண்மையிலேயே அவருக்கு வந்துவிட்டது. நூற்று முப்பது, நூற்றுப் பதினெட்டு, நூற்று ஆறு என்று இறங்கி, இரண்டாவது வருஷக் கடைசியில் தொண்ணூற்றேழு. அடுத்த வாரம் தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றாறு. மூன்று அட்டைகளையும் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே ஆணியடித்து மாட்டினார்.

ஒரு ஞாயிறு எனக்கு விடுமுறை. என் கணவர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்குவதை ஒரு கொள்கையாகவே வைத்திருப்பவர். நான் மட்டும் பெரியவர்களோடு கிளம்பினேன், உப்புக்குச் சப்பாணியாக. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மைதானம் அது. இருப்பது ஒன்பது குழிதான்; அதையே இரண்டு சுற்று ஆட வேண்டும். அப்பா முதல் அடியை அடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பந்து நேராகப் போயிற்று. இரண்டாவதும் மூன்றாவதும் நன்றாகத்தான் போயின. குழிக்கு நாலடி தூரத்தில் பந்து நின்றது. அப்பா உருட்டுகிற மட்டையை எடுக்கக்கூட இல்லை. மாமாவைப் பார்த்தார்.

"எடுத்துக்குங்க சம்பந்தி" என்றார் மாமா.

அப்பா குனிந்து பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாலு" என்று அட்டையில் எழுதினார்கள். மாமாவின் பந்து ஐந்தடி தள்ளி நின்றது. "நீங்களும் எடுத்துக்குங்க சம்பந்தி, அது எங்கே போயிடப்போகுது" என்றார் அப்பா.

நண்பர்களுக்குள் இது உண்டாம். பந்து குழியின் விளிம்பில் ஒரு சாண் தூரத்தில் இருந்தால், எதிராளி 'எடுத்துக்கோ' என்று விட்டுக்கொடுக்கலாம். அடுத்த அடியில் விழுந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். இவர்களும் ஒரு சாணில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் சம்பந்தி ஒரு சாண் விட்டால் பதிலுக்கு ஒரு முழமாவது விடாமல் இருந்தால் மரியாதையாகுமா? ஒரு முழம் விட்டவருக்கு இரண்டு முழம் விடாவிட்டால் பெண் கொடுத்த இடத்தில் என்ன நினைப்பார்கள்? இப்படியே ஏற்றி ஏற்றி இப்போது ஆள் உயரத்துக்கு வந்து நின்றிருந்தார்கள். பதினெட்டுக் குழியில் ஒன்றில்கூட அன்று இருவர் பந்தும் உள்ளே விழுகிற சத்தத்தை நான் கேட்கவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அந்த மூன்று அட்டைகள் ஞாபகம் வந்தன.

அப்பா முன்னால் நடக்கும்போது மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, அது நாலடி தூரம். விழுமா விழாதான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்மா. விழாது."

"அப்புறம் ஏன் எடுத்துக்கச் சொன்னீங்க?"

"விழாதுன்னுதாம்மா எடுத்துக்கச் சொன்னேன்" என்றார் மாமா, நான் ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டுவிட்டதுபோல.

அப்பாவிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு என்று விசிலடித்துக்கொண்டு நடந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் சொல்ல முடியும்? வருஷக் கணக்கில் மற்றவர்கள் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கெட்டிக்காரர் என்று தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொள்ள அவருக்கு முதல் முறையாக ஒரு விஷயம் கிடைத்திருந்தது. அதில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

விதி நகராட்சிப் போட்டி ரூபத்தில் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் போட்டி. வெல்ல வேண்டும் என்றுகூட இல்லை; நூறுக்குள் முடித்தாலே மைதானத்துத் தேநீர்க் கூடத்தில் இருக்கும் பலகையில் பெயர் எழுதுவார்கள். அப்பா அன்றே பெயர் கொடுத்துவிட்டார். பலகை எழுதுகிறவரைத் தேடிப் பிடித்து, இனிஷியல் ஒன்று போடுவதா, இரண்டா என்றுகூட விசாரித்துவிட்டார். மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. "வெயில் ஜாஸ்தியா இருக்கும் சம்பந்தி... கூட்டமா இருக்கும்... அடுத்த வருஷம் நிதானமா..." என்று நாலைந்து முறை இழுத்துப் பார்த்தார். "நீங்க இருக்கீங்களே, அப்புறம் என்ன" என்று அப்பா அவர் தோளைத் தட்டினார்.

போட்டியில் யார் யாரோடு ஆடுவது என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். மாமா முன்னால் போன குழுவில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்குத் துணையாகவும் சாட்சியாகவும் வந்தவர் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி பார்க்காமல் திரும்பினார் என்று சொந்தத் தம்பியையே தேர்வில் ஃபெயிலாக்கியவர் என்று கேள்வி. கையில் அட்டை, காதில் பென்சில், முகத்தில் எதுவும் இல்லை. நானும் அம்மாவும் தேநீர் பிளாஸ்க்கோடு கயிற்றுக்கு வெளியே நடந்தோம்.

முதல் குழி. மூன்றாவது அடியில் அப்பாவின் பந்து குழிக்கு இரண்டடியில் வந்து நின்றது. நாலு பேர் கை தட்டினார்கள். அப்பா அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார், நிதானமாக நடந்துபோனார், குனிந்தார், பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கை தட்டல் நின்றது.

"ஐயா, பந்தை எதுக்கு எடுத்தீங்க?" என்றார் அதிகாரி.

"பக்கத்துல தானேம்மா இருக்கு?"

"பக்கத்துல இருக்கு. உள்ள இல்லையே."

அப்பா கொடியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், பிறகு அந்த அதிகாரியைப் பார்த்தார். 'எடுத்துக்குங்க' என்ற சொல் எந்தப் பக்கத்திலிருந்தாவது வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அதிகாரி காதிலிருந்து பென்சிலை எடுத்து, அடையாளம் வைக்காமல் பந்தைத் தொட்டதற்கு ஓர் அடி அபராதம் எழுதினார். "இருந்த இடத்துலயே வச்சு அடிங்க" என்றார். அடுத்த குழியில் நின்றுகொண்டிருந்த மாமா இதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா பந்தைத் திரும்ப வைத்து உருட்டினார். குழியைத் தாண்டி மூன்றடி போயிற்று. திரும்ப உருட்டினார். இந்தப் பக்கம் வந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன். மாதக் கணக்கில் அவர் கையால் ஒரு பந்துகூடக் குழிக்குள் விழுந்ததில்லை. நீள அடியெல்லாம் ராஜா மாதிரி அடித்துவிட்டு, குழிக்குப் பக்கத்தில் வந்ததும் மூன்று தடவை, நாலு தடவை என்று உருட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது குழியில் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்து முறைத்தாள். "என்னங்க சிரிப்பு? அவரு ஜாஸ்தியா அடிச்சா உங்களுக்கென்ன?" என்றாள்.

மொத்தம் நூற்று இருபத்துமூன்று. அதிகாரி அட்டையை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "தூர அடி ரொம்ப நல்லா இருக்கு" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. நேராக மாடி அறைக்குப் போய் மூன்று அட்டைகளையும் கழற்றிவிட்டார். ஆணிகளையும் பிடுங்கிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தால் தேவலை. சம்பந்திகள் எப்படிச் சண்டை போடுவார்கள்? மாமா சனிக்கிழமை போன் செய்வார். "நாளைக்கு வர்றீங்களா சம்பந்தி?" "கொஞ்சம் வேலை இருக்குங்க சம்பந்தி." "கண்டிப்பா, கண்டிப்பா, வேலைதான் முக்கியம்." தேன் சொட்டும். போனை வைத்ததும் இரண்டு வீட்டிலும் முகம் தொங்கிப்போகும். "உன் மாமனார் என்னைக் குழந்தைன்னு நினைச்சுட்டாரா? பொம்மையைக் கையில கொடுத்து ஏமாத்திட்டாரே" என்று அப்பா என்னிடம் கேட்பார். "உங்கப்பா மனசு கஷ்டப்பட்டுட்டாரும்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று மாமா என்னிடம் கேட்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஏழு ஞாயிறு இப்படிப் போயிற்று. ஏழு ஞாயிறும் மாமா ஐந்து மணிக்கு எழுந்தார். குளித்தார், கோல்ஃப் ஷூவைப் போட்டுக் கயிற்றைக் கட்டினார். பிறகு கூடத்து சோபாவில் போய் உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு ஷூவைக் கழற்றி வைத்தார். தனியாகவாவது போகலாமே, போகவில்லை. ஏழாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரே ஒரு தடவை, 'அடிச்சுப் போடுங்க சம்பந்தி'ன்னு சொல்லியிருந்தா இவ்வளவு ஆகியிருக்குமா மாமா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

மாமா ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைன்னு சொன்னா மனுஷங்க வராம போயிடுவாங்கம்மா" என்றார். "உங்க அத்தை போனதுக்கப்புறம் என்கூட யார் வந்தாங்க? உங்கப்பா ஒருத்தர்தான் வந்தார். நாலடி என்ன, நாற்பதடி கேட்டிருந்தாலும் விட்டிருப்பேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அப்பாவின் மாடி அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே டொக், டொக் என்று சத்தம். திறந்து பார்த்தால் அப்பா தரையில் இரண்டு பிளாஸ்டர் தாடைகளை எதிரெதிரே வைத்து, நடுவே பந்து போகிற அளவுக்கு இடம் விட்டு உருட்டிக்கொண்டிருந்தார். நேராகப் போகாத பந்தெல்லாம் யாருடைய பல்லையாவது பெயர்த்திருந்தது. தரையில் ஒரு கைப்பிடி பல் கிடந்தது.

"இன்னும் கோவமாப்பா மாமா மேல?"

அப்பா மட்டையைச் சாய்த்து வைத்தார். "அவர் மேல என்ன கோவம்? ஒவ்வொரு தடவையும் பந்து விழாதுன்னு எனக்கே தெரியும். இந்தக் கைக்குத் தெரியாதா? அவர் எடுத்துக்குங்கன்னு சொன்ன உடனே அப்பாடான்னு இருக்கும். அதுக்குத்தான் அவர் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிப்பேன். ஆடுற பல்செட்டை அடுத்தவன் வாயில வைக்க விடமாட்டேன். எனக்கு நானே வச்சுக்கிட்டேன். இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவரோட போய் நிக்கிறது?"

"அவர் இப்பவும் ஷூ போட்டுக்கிட்டு சோபால உட்காந்திருக்கார்ப்பா. ஏழு வாரமா."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் தூளைத் துடைக்காமலேயே போனை எடுத்தார். "சம்பந்தி, நான்தான். வர்ற வாரம் ஆடலாம். ஆனா ஒரு நிபந்தனை. எவ்வளவு பக்கத்துல இருந்தாலும் உள்ள விழணும். உங்களுக்கும் அதேதான்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து "கண்டிப்பா" என்று கேட்டது. அட்டை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இருவர் கையையும் நம்ப முடியாது, நடுநிலையானவள் நான் ஒருத்திதான் என்று அவர்களே சொன்னார்கள்.

முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பா நூற்றுப் பத்தொன்பது, மாமா நூற்று இருபத்தேழு. அப்பாவின் பந்து குழிக்கு அருகில் நிற்கும்போதெல்லாம் மாமாவின் வாய் தானாகத் திறந்து, "எடு..." என்று ஆரம்பித்து இருமலாக முடியும். மூன்றாவது வாரம் அவர் மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வந்தார். ஆனால் பந்து ஒரு தடவை சரியாகக் குழிக்குள் விழுந்தபோது வந்த அந்தச் சின்ன 'டப்' சத்தத்துக்கு இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு, நூற்று எட்டு, நூற்று நான்கு. இந்த முறை எண் இறங்கியபோது அப்பா யாரிடமும் சொல்லவில்லை. பல் மருத்துவர்களுக்கெல்லாம் நிம்மதி.

நாலு மாதம் கழித்து ஒரு காலை. கடைசிக் குழிக்கு வந்தபோது என் அட்டையில் அப்பாவின் எண்ணிக்கை தொண்ணூற்று நான்கு. நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. முதல் அடி நேராகப் போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதாக உருட்டியது மெல்ல ஊர்ந்து வந்து குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. தொண்ணூற்றெட்டு ஆகியிருந்தது. இது விழுந்தால் தொண்ணூற்றொன்பது. யாரும் விட்டுக்கொடுக்காத தொண்ணூற்றொன்பது.

அப்பா பந்துக்கு மேலே குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு, நிபந்தனை போட்ட அதே மனிதர், மெதுவாகத் தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வைதான், வேறென்ன. ஒரு முழம்தானே சம்பந்தி, என்று அந்தக் கண் கேட்டது. மாமாவின் முகம் வெளுத்துப்போயிற்று. முப்பத்தொரு வருஷம் மேஜைக்குப் பின்னால் நின்ற மனிதர் கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாட்டேன் சம்பந்தி" என்றார். "அடிச்சுப் போடுங்க."

அப்பா அடித்தார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, அரை வட்டம் சுற்றி, ஒரு சாண் தள்ளி வெளியே நின்றது. அதையும் ஒழுங்காக உருட்டி உள்ளே போட்டார். நூறு.

அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். இனி இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே மழையைப் பற்றிக்கூடப் பேச்சு இருக்காது என்று நினைத்தேன்.

"மட்டையைக் கடைசியில இழுத்துட்டீங்க" என்றார் மாமா.

"நானா? நான் இழுத்தேனா?"

"ஆமா, இழுத்தீங்க. நேரா விட்டிருந்தா விழுந்திருக்கும்."

"பேசுறது சுலபம் சம்பந்தி! நீங்க போடுங்க பார்ப்போம்!" அப்பா பந்தை அதே இடத்தில் கொண்டுவந்து டக்கென்று வைத்தார். மாமா மட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி உருட்டினார். விழவில்லை. "நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க?" என்றார் அப்பா. என் அப்பா என் மாமனாரைப் பார்த்து அப்படிக் கேட்டார்! "காத்து அடிச்சதுங்க!" என்று மாமா கத்தினார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினார். அப்பா ஒரு தடவை, மாமா ஒரு தடவை என்று மாற்றி மாற்றி உருட்டினார்கள். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மட்டையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் ஆடிவந்த குழு, "பெருசுங்களா, வழி விடுறீங்களா!" என்று தூரத்திலிருந்து கூச்சல் போட்டது. யார் காதிலும் விழவில்லை.

நான் கையில் அட்டையோடு நின்றேன். கடைசிக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பந்து விளிம்பு வரைக்கும் போய்த் தொட்டுவிட்டுத்தானே வந்தது? நாலு மாதமாக அந்த மனிதர் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? எனக்கு மனசு கேட்கவில்லை.

"அப்பா, இதைத் தொண்ணூத்தொன்பதுன்னு போட்டுடட்டுமா? யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கோபத்தை நான் இரண்டு வீட்டிலும் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"நூறு!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

நூறு போட்டேன்.